என் மச்சாளைப் போலி என்றவர்கள்

எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணாவின் கட்டிலைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போன இருவரும் அதற்கு முன்பு ஒரு தட்டு வடையைச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெண் அதிகாரி இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு போய், அண்ணாவைக் கட்டிய எங்கள் மச்சாள் ஒரு போலி மனைவி என்று எழுதுவதற்கு வேண்டிய குறிப்புகளைக் குடிவரவு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டாள். அம்மாவின் வடையைச் சாப்பிட்ட பிறகும் ஒருவருக்கு அப்படி எழுத மனம் வரும் என்பதை நான் அந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் ஒஸ்லோவின் கிழக்கு விளிம்பில், எல்லிங்ஸ்ருட்டில், ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, அண்ணா, நான். அண்ணா எலெக்ட்ரீசியன். வாயைத் திறந்தால் வரி கட்ட வேண்டிவரும் என்பதுபோல வாழ்பவன். நான் சட்டம் படிக்கத் தொடங்கியிருந்தேன். ஆகவே வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதங்களும், மாடிப்படி கழுவும் முறை எங்களுடையது என்ற அறிவித்தல்கூட, என் கையில்தான் வந்து விழும். "இதுக்கு நாங்கள் வழக்குப் போடலாமோ?" என்று அப்பா கேட்பார். பகிடிக்கல்ல, உண்மையாகவே கேட்பார்.

ஊரில் யுத்தநிறுத்தம் இருந்த அந்தச் சில வருடங்களில் ஒஸ்லோவிலிருந்த கலியாண வயதுப் பெடியன்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்கு ரிக்கெட் போட்டார்கள். அண்ணாவும் போனான். பெண் கெமிஸ்ட்ரி ரீச்சர். பெண்வீட்டு விறாந்தையில் பதிவாளர் வந்து எழுத்து நடந்தது. எழுத்து என்றால் பதிவுத் திருமணம். கையெழுத்துப் போட்டு, மோதிரம் மாற்றி, சோறு சாப்பிட்டு, படமெடுத்து, மாப்பிள்ளை திரும்பிவிட்டான். சட்டத்துக்கு அது முழுக் கலியாணம். எங்கள் ஆட்களுக்கு அது வெறும் கடதாசி. ஐயர் வந்து தாலி ஏறும்வரை பெண் ஒரு வீட்டில், மாப்பிள்ளை இன்னொரு வீட்டில். இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. மழை பெய்தால் குடை பிடிப்பதை யார் விளக்குகிறார்கள்?

அனுமதி கிடைத்து மச்சாள் வந்து சேர்ந்தபோது கோடையில் ஒஸ்லோவில் தாலிகட்டு என்று தீர்மானமாகியிருந்தது. அதற்குள் கனடாவில் பெரியப்பா செத்துப்போனார். அப்பாவின் சொந்தத் தமையன். ஆண்டுத் திவசம் முடியும்வரை வீட்டில் நல்ல காரியம் செய்யக்கூடாது. மச்சாளுக்கு ஒஸ்லோவில் பெண்வீடு என்று ஒன்று இல்லாதபடியால் அம்மா தன் அக்காவின் வீட்டையே பெண்வீடாக்கினார். பெரியம்மா இருந்தது ட்வெய்ட்டாவில், கடைத்தொகுதிக்குப் பக்கத்து உயர்ந்த கட்டடத்தில். எங்கள் வீட்டுக்குப் போகிற அதே சுரங்க ரெயில் பாதையில், சில தரிப்பிடங்கள் முன்னால். விலாசப் பதிவையும் அம்மா ட்வெய்ட்டாவுக்கே போடுவித்தார். "அரசாங்கத்துக்குப் பொய் சொல்லக்கூடாது" என்றார்.

மச்சாளின் அனுமதி ஒரு வருடத்துக்கானது. அதைப் புதுப்பிக்கக் கேட்டபோதுதான் அந்த இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை காலை வந்தார்கள். நான் நூலகத்தில் இருந்தேன். பின்னேரம் வந்தபோது அம்மா கதவிலேயே பிடித்துக்கொண்டார்.

"வந்தவை ரெண்டு பேர். நல்ல ஆக்கள். சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கு வந்தவை."

"என்ன கேட்டவை?"

"மருமகள் எங்கை எண்டு கேட்டவை. இஞ்சை இல்லை, அக்கா வீட்டிலை எண்டு சொன்னனான்."

"அம்மா!"

"என்னடி கத்துறாய்? உண்மைதானே. பேந்து அவன்ரை அறையைக் காட்டச் சொல்லிச்சினம். ஒத்தைக் கட்டில். வடிவாக் காட்டினனான். எங்கடை பிள்ளையள் அப்பிடியான பிள்ளையள் இல்லை, தாலி கட்டுமட்டும் ஒருத்தரை ஒருத்தர் தொடமாட்டினம் எண்டு சொன்னனான்."

"நோர்ஸ்கிலையோ சொன்னனீங்கள்?"

"பின்னைத் தமிழிலையே? எத்தினை வருசமா இஞ்சை இருக்கிறன். அந்தப் பெட்டை எல்லாத்தையும் எழுதினவள். ஒரு சொல்லு விடேல்லை."

பரீட்சையில் முதலாம் பிள்ளையாக வந்த முகம் அம்மாவுக்கு. நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றேன். அண்ணா தன் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தான். அவனுடைய காதுகள் சிவந்திருந்தன. அது வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு பனி விழத் தொடங்கிய நாட்களில் வந்தது. ட்வெய்ட்டாவில் பெரியம்மா வீட்டுச் சோபாவில் இருந்து அதை நான் மச்சாளுக்கு மொழிபெயர்த்தேன். கணவனும் மனைவியும் ஒன்றாக வாழவில்லை. ஒன்றாக வாழும் எண்ணமும் தென்படவில்லை. இந்தத் திருமணத்தின் முக்கிய நோக்கம் வதிவிட அனுமதி பெறுவதே என்று கருதப்படுகிறது. ஆகவே அனுமதி புதுப்பிக்கப்படாது, குறித்த திகதிக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். சான்றாக அம்மாவின் வாக்கியம் மேற்கோள் குறிகளுக்குள் அப்படியே இருந்தது: "அவர்கள் ஒருவரையொருவர் தொடுவதில்லை." அம்மாவின் நோர்ஸ்க்கை அவர்கள் இலக்கணம் திருத்திப் போட்டிருந்தார்கள். அந்த மட்டில் பெருந்தன்மை.

மச்சாள் கடிதத்தை வாங்கி மடித்தா.

"நான் படிப்பிச்ச பாடத்திலை, ஒரு திரவம் அமிலமோ இல்லையோ எண்டு பாக்கிறதுக்குப் பாசிச்சாயத்தாள் இருக்கு. ஒரு பெம்பிளை ஒருத்தன்ரை மனிசியோ இல்லையோ எண்டு பாக்க இவையிட்டை என்ன தாள் இருக்கு?"

"கட்டில்," என்றேன்.

"ஓ," என்றா. "எங்கடை லாப்பிலை அது இருக்கேல்லை."

அவவைத் திருப்பி அனுப்பினால் கொழும்பில் இறக்கிவிடுவார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதை அப்போது பூட்டியாகிவிட்டது. யுத்தநிறுத்தம் கடதாசியில்தான் மிச்சம். கொழும்பில் அவவுக்குத் தெரிந்த ஒரே இடம் விசாவுக்காகத் தங்கியிருந்த ஒரு லொட்ஜ். இரவில் பொலிஸ் வந்து கதவு தட்டுகிற அந்த இடத்தில் தனியாக ஒரு யாழ்ப்பாணப் பெண் தங்குவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். இது ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கும் தெரியாததல்ல. இந்த நாடுதான் அந்தச் சமாதானத்துக்கு நடுவில் நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தது. ஒரு மேசையில் இருந்துகொண்டு நிலைமை மிகவும் கவலைக்கிடம் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். இன்னொரு மேசையில் இருந்துகொண்டு என் மச்சாளுக்குத் திகதி குறித்தார்கள். இரண்டு மேசைகளுக்கும் நடுவில் ஒரு கோப்பி மெஷினாவது இருந்திருக்கும். ஒருநாளாவது சந்தித்திருக்க மாட்டார்களா?

நான் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செய்ய வேண்டியவை இரண்டு. முடிவை எதிர்த்து மேன்முறையீடு. அதற்கு மேலே, மேன்முறையீடு முடியும்வரை ஆளை அனுப்பக்கூடாது என்று தனியாக ஒரு விண்ணப்பம். இரண்டாவதை விட்டுவிட்டால், உங்கள் மேன்முறையீட்டில் நியாயம் இருக்கிறது என்று நீங்கள் கொழும்பில் இருக்கும்போது கடிதம் வரலாம். சட்டம் அந்த அளவுக்கு நகைச்சுவை உணர்வு உள்ளது.

ஆனால் எங்கள் ஆட்களுக்குச் சட்டம் என்றால் புத்தகம் இல்லை, ஆள். லில்லெஸ்ட்ரோமில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் அவரை லோயர் அண்ணை என்றார்கள். அவர் லோயர் இல்லை. ஊரில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டச்சுச் செய்தவர். அந்த ஞானத்தில் ஒஸ்லோவில் பாதிப் பேருடைய வழக்குகளை அவர் நாசமாக்கியிருந்தார். மீதிப் பாதி தானாக வென்றது, அதையும் அவரே வென்றதாகக் கணக்கு. அப்பா அண்ணாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு ரெயிலேறினார்.

லோயர் அண்ணை கடிதத்தை வாசிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தார்.

"தம்பி, வெள்ளைக்குத் தேவை கட்டில். கட்டிலைக் காட்டு. கேஸ் முடிஞ்சுது."

"மகள் சட்டம் படிக்கிறா," என்றார் அப்பா, எனக்கு ஓர் இடம் பிடித்துத் தருவதுபோல.

"படிக்கட்டும், படிக்கட்டும். புத்தகம் வேறை, கேஸ் வேறை, தங்கச்சி. பெரிய கட்டில் ஒண்டு வாங்குங்கோ. ரெண்டு பேரையும் அதிலை இருத்திப் படமெடுங்கோ. பிள்ளைத்தாச்சி எண்டு ஒரு துண்டு எடுத்தியள் எண்டால் இன்னும் திறம்."

"பத்து மாசத்துக்குப் பிறகு பிள்ளைக்கு எங்கை போறது, அங்கிள்?"

"அது பேந்து பாப்பம்."

அண்ணா ஜன்னலுக்கு வெளியே ரெயில் நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது, "உந்தாளிட்டை எங்களைக் கொண்டுபோனதுக்கு அப்பாவிலை வழக்குப் போடலாமோ?" என்று என் காதில் கேட்டான். அண்ணாவின் வாயிலிருந்து அந்த மாதம் வந்த மிக நீளமான வாக்கியம் அது.

அப்பா கட்டில் வாங்கிவிட்டார். இரட்டைக் கட்டில், உயர்ந்த தலைமாடு, பஞ்சுபோல மெத்தை. அறைக் கதவு அதற்குப் பிறகு பாதிதான் திறந்தது. அந்த அகலத்தில் அண்ணா தனியாகப் படுத்தான். மச்சாளைக் கொண்டுவந்து படமெடுக்கிற அன்றைக்கு அம்மா நிபந்தனை போட்டார். பகல் நேரம், திரைச்சீலை திறந்திருக்க வேண்டும், தானும் அறையில் இருப்பார். மெத்தையின் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றவும் விடவில்லை. "புதுசு, ஊத்தையாப் போயிடும்." மச்சாள் பட்டுச்சேலையோடு ஒரு கரையில், அண்ணா மறுகரையில். இருவருக்கும் நடுவில் கிடந்த வெளி அம்மாவுக்கே பொறுக்கவில்லைபோல, கடைசி நேரத்தில் போய்த் தானே நடுவில் இருந்துவிட்டார். நான் கமராவை அமத்தினேன். கட்டிலில் மூன்று பேர், கீழே சரசரக்கிற பிளாஸ்ரிக், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. குடும்பமாகப் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி.

அரசு இலவசமாகக் கொடுத்த சட்டத்தரணி நகர மையத்தில் நாலாம் மாடியில் இருந்தாள். இலவசம் என்றால் அவளுக்குக் குறித்த மணித்தியாலங்களுக்கு மட்டும் சம்பளம். அதற்குமேல் அவள் மூளையைத் திறப்பதாக இல்லை. மொழிபெயர்ப்பாளரை அழைத்தால் இன்னும் இழுபடும் என்று என்னையே மொழிபெயர்க்கச் சொன்னாள். நான் எழுத்தைப்பற்றி, தாலியைப்பற்றி, ஆண்டுத் திவசத்தைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஒரு பேராசிரியரின் ஆய்விலிருந்து மேற்கோள்கூடத் தேடிப்பிடித்திருந்தேன். அவள் புரட்டினாள். அவளுடைய கோப்பி ஆறியிருந்தது, அதில்தான் அவளுக்குக் கவலை.

"இதை அனுப்ப முடியாது."

"ஏன்?"

"நீ என்ன நிரூபிக்கிறாய்? இவர்கள் ஒன்றாக வாழவில்லை என்பதை. அதற்குக் கலாசாரக் காரணம் இருக்கிறது என்பதை. அவர்களும் ஒன்றாக வாழவில்லை என்றுதானே சொல்கிறார்கள். நீ அவர்களுடைய முடிவுக்கு அடிக்குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறாய்."

சோம்பேறியாக இருந்தாலும் அவள் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"அப்படியானால் மச்சாளை உடனே எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால்?"

"இப்போது வந்தால் வழக்குக்காக நடிக்கிறார்கள் என்பார்கள். வராவிட்டால் போலி என்பது உறுதி என்பார்கள்."

பிறகு படத்தை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள்.

"நடுவில் இருப்பது யார்?"

"மாமியார்."

"மெத்தையில் ஏன் பிளாஸ்ரிக்?"

நடுவில் இருந்தவர் என் பக்கத்துக் கதிரையில், கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, தன் படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்து கொஞ்சம் நிமிர்ந்திருந்தார். அம்மாவுக்கு அப்பால் அண்ணா. அண்ணாவுக்கு அப்பால் மச்சாள், ரீச்சர்மாருக்கே உரிய நேரான முதுகோடு.

சட்டத்தரணி படத்தைக் கவிழ்த்து வைத்தாள். அந்த ஒரு நிமிடம் அவள் வாங்கிய சம்பளத்துக்கு வேலை செய்தாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

"இந்தக் கோப்பு முழுவதையும் வாசித்துவிட்டேன். மாமியாரைக் கேட்டிருக்கிறார்கள். கட்டிலைப் பார்த்திருக்கிறார்கள். மனைவியை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இவளிடம் கேள். இவர்கள் இருவரும் எப்போதாவது ஒன்றாக ஒரு இரவைக் கழித்திருக்கிறார்களா?"

அம்மாவுக்கு இந்த நோர்ஸ்க் நன்றாக விளங்கும். அவருடைய கைகள் பையின் பிடியில் இறுகின. நான் தமிழில் என்ன சொல்வது என்று சொற்களைத் தேடினேன். என் அண்ணாவின் மனைவியிடம், என் அம்மாவின் தலைக்கு மேலால், இதை எந்த மரியாதையில் கேட்பது? எந்த விரிவுரையிலும் இது இல்லை.

"மச்சாள்," என்று தொடங்கினேன்.

"விளங்கினது," என்றா மச்சாள். பிறகு சட்டத்தரணியைப் பார்த்து, மொழி வகுப்பில் படித்த நோர்ஸ்கில், ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னா: "ஆம். ஒவ்வொரு வார இறுதியும்."

கீழே ஒரு ட்ராம் போனது. சட்டத்தரணி பேனாவை எடுத்தாள்.

"எங்கே?"

இந்தக் கேள்விக்கு அண்ணா வாய் திறந்தான். தன்னோடு வேலை செய்கிற ஒரு நோர்வேஜியன். வெள்ளிக்கிழமை பின்னேரமானால் மலையிலுள்ள தன் மரவீட்டுக்குப் போய்விடுவான், எந்தக் குளிரிலும். அவனுடைய ஒஸ்லோ வீட்டைப் பூட்டித் திறக்கிற திறப்பு அண்ணாவின் பையில். வீட்டில் சொன்னது ஓவர்டைம். மச்சாள் பெரியம்மாவிடம் சொன்னது, கூடப் படிக்கிற பிள்ளையோடு தங்கிப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று. மாடிப்படியில் எதிர் வீட்டுக் கிழவி அவர்களைக் கண்டு பழகி, இப்போது கிறிஸ்மஸ் பிஸ்கட்டுகூடக் கொடுக்கிறாளாம்.

நான் அண்ணாவைப் பார்த்தேன். சிவந்த காதுகளோடு அறை வாசலில் நின்ற அந்தச் சனிக்கிழமை எனக்கு இப்போதுதான் விளங்கியது. அன்றைக்கும் அவன் ‘ஓவர்டைமுக்கு’ வெளிக்கிட்டுக்கொண்டு நின்றவன்.

"இதை ஏன் ஒருவரும் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டாள் சட்டத்தரணி. முதன்முறையாக அவளுடைய குரலில் உயிர் இருந்தது.

சொன்னால் நாங்கள் கெட்ட குடும்பம், சொல்லாவிட்டால் போலிக் குடும்பம்.

சிநேகிதனிடமிருந்து ஒரு வாக்குமூலம் வேண்டும் என்றாள். எதிர்வீட்டுக் கிழவியிடமிருந்து ஒன்று. எல்லாவற்றிலும் முக்கியமாக மாமியாரிடமிருந்து ஒன்று. முடிவு முழுவதும் அவருடைய ஒரு வாக்கியத்தின்மேல்தான் நிற்கிறது, அதை அவரே எடுக்காவிட்டால் மற்ற இரண்டும் சிநேகிதத்துக்குச் சொன்ன பொய்யாகத்தான் தெரியும்.

அம்மா எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்களுக்காக லிஃப்டையும் பிடித்துவைக்கவில்லை.

அடுத்த நாள் நான் அம்மாவின் பெயரில் ஒரு வாக்குமூலம் எழுதிக்கொண்டு குசினிக்குள் போனேன். அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நான் தமிழாக்கி வாசித்தேன். என் மகனும் மருமகளும் வார இறுதிகளில் ஒன்றாக வாழ்ந்துவந்தது எனக்குத் தெரியாது. ஆகையால் அதிகாரிகளிடம் நான் சொன்னது என் தவறான நம்பிக்கை...

கத்தி நின்றது.

"தெரியாது எண்டு ஏன் எழுதினனீ?"

"தெரியாதுதானே, அம்மா?"

"என்னை என்ன பேய்ச்சி எண்டு நினைச்சியே? கிழமைக்குக் கிழமை அவன்ரை சேட்டுகளை ஆர் தோய்க்கிறது? எண்ணெய் மணம். அவள் தலைக்கு வைக்கிற எண்ணெய். ஓவர்டைம் செய்யிறவனுக்கு வயரிலையே எண்ணெய் வடியுது?"

நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"தெரிஞ்சுகொண்டோ..."

"அக்காவுக்கும் தெரியும். எந்தப் பரீட்சை உப்பிடிக் கிழமைக்குக் கிழமை வருது? கொப்பாவுக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது. நீ சட்டம் படிக்கிறாய்."

"பின்னை ஏன் அவையிட்டைத் தொடமாட்டினம் எண்டு சொன்னனீங்கள்?"

"வீட்டுக்கு வந்த அந்நிய ஆக்களிட்டை, வடையும் குடுத்துப்போட்டு, என்ரை மோன் எங்கை படுக்கிறான் எண்டு சொல்லுறதே? விசரே உனக்கு? எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் கதைக்கேல்லை. அதுதானடி மரியாதை."

இந்த ஒரு வாக்கியத்தை எந்தச் சட்டக் கோவையிலும் நுழைக்க முடியாது. அதற்காகச் சட்டத்தைத்தான் நான் இளக்காரமாக நினைத்தேன், அம்மாவை அல்ல. ஆனால் அம்மாவையும் கொஞ்சம். ஒரு பெண்ணைக் கொழும்பு லொட்ஜுக்கு அனுப்பும்வரை கொண்டுவந்து விட்ட மரியாதை அது. ஒஸ்லோவில் எங்களுடைய கோயில் மண்டபங்களில், கலியாண வீடுகளில், பிறந்தநாள் வீடுகளில் இருந்து இதே மரியாதையைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஒருவரைப்பற்றி ஒருவர் எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு பந்தியில் இருப்போம்.

"திருப்பி எழுது," என்றார் அம்மா. "எனக்குத் தெரியும் எண்டு எழுது. வெளியாக்களிட்டைச் சொல்லுற விசயம் இல்லை, அதாலை சொல்லேல்லை எண்டு எழுது. தெரியாத தாய் எண்டு என்னை எழுதாதை."

"அப்பிடி எழுதினால் நீங்கள் பொய் சொன்னது எண்டு வரும்."

"வரட்டும்." லீக்ஸை மறுபடி வெட்டத் தொடங்கினார். வெட்டிக்கொண்டே, "என்னையும் அனுப்புவினமோ?" என்று கேட்டார்.

"இல்லை. உங்களிட்டைச் சிற்றிசன் இருக்கு."

"அனுப்பினாலும் பரவாயில்லை. அவளின்ரை தாயிட்டை நான் போனிலை சொன்னனான், உங்கடை பிள்ளை என்ரை பொறுப்பு எண்டு."

தமிழில் கையெழுத்து வைத்தார். பெரிய எழுத்தில், கடதாசியின் விளிம்புவரை.

சட்டத்தரணி என் பக்கங்களையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு ஒன்றரைப் பக்கத்தில் மேன்முறையீட்டை முடித்தாள். அனுப்பி வைப்பதை நிறுத்தும் விண்ணப்பத்துக்கு முதலில் பதில் வந்தது. கெடு முடிய இருந்த கிழமையில் அவள் தொலைபேசியில் கூப்பிட்டு, மேன்முறையீடு தீரும்வரை மச்சாள் இருக்கலாம் என்றாள். மகிழ்ச்சியான குரலல்ல. ட்ராம் வருகிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அண்ணா அன்றைக்கே ட்வெய்ட்டாவுக்குப் போய் மச்சாளையும் சூட்கேஸையும் கூட்டிக்கொண்டு வந்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய் மெத்தையின் பிளாஸ்ரிக் உறையைக் கிழித்தெடுத்து, மடித்து, குப்பைப் பைகளோடு வைத்தார்.

பெரியப்பாவின் ஆண்டு முடிந்தது. மேன்முறையீடு முடியவில்லை. வெளியேறும் கட்டளை தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு மணமகளுக்குக் கலியாணக் கார்ட் அடித்தோம். மண்டபம் நிறைய ஆட்கள். லோயர் அண்ணை முன்வரிசையில் இருந்து, கட்டில்தான் கேஸைத் திருப்பினது என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கேஸ் திரும்பவே இல்லை என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் வாழ்த்துரையில் எங்கள் பண்பாட்டின் பெருமையை நீட்டி முழக்கினார். வழக்குக்கு ஒரு கடிதம் தரமுடியுமா என்று முன்பு கேட்டபோது, "எனக்கேன் வில்லங்கம்" என்றவர் அவர்தான். மச்சாள் தலையைக் குனிந்து தாலியை ஏற்றுக்கொண்டபோது நான் தலைவரின் வாயைத்தான் பார்த்தேன். இனிப்பு ஒட்டியிருந்தது.

முடிவு அதற்குப் பிறகு, இலைகள் பழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது. புதிய தகவல்களின் அடிப்படையில் முந்தைய தீர்மானம் மாற்றப்படுகிறது, அனுமதி வழங்கப்படுகிறது, ஒரு வருடத்துக்கு. கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. போலி என்று சொல்லப் பல பக்கங்கள் எடுத்தவர்கள், இல்லை என்று சொல்ல அரைப் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். அப்பா கொடுத்து நான் அதை வாசித்துச் சொன்னபோது அண்ணா சிரித்தான், அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் போனார். மச்சாள் மட்டும் கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தா.

"என்ன தேடுறியள்?"

"வேறை ஒண்டும் எழுதேல்லையோ எண்டு பாத்தனான்."

அனுமதியைக் கடவுச்சீட்டில் ஒட்டுவிக்க நான்தான் அவவோடு போனேன். பிளாஸ்ரிக் கதிரைகள், சுவரில் இலக்கம் மாறும் சிவப்புப் பலகை, அழுகிற குழந்தைகள், குரலைத் தாழ்த்திக் கதைக்கிற பெரியவர்கள். அந்த இடத்தில் எல்லோரும் ஏன் குரலைத் தாழ்த்துகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வெறுப்பு. யாரும் அங்கே செத்துக் கிடக்கவில்லை. மச்சாள் குரலைத் தாழ்த்தவில்லை. தன் வகுப்பில் ஒரு சோமாலியப் பெண் வாத்தியாரை எப்படி மடக்கினாள் என்ற கதையை எனக்குச் சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தா. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் இலக்கம் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவன் இளைஞன், பொன்தலை, நல்ல பற்கள். ஸ்டிக்கரை ஒட்டி, விரலால் அமத்தி, கடவுச்சீட்டைத் துவாரத்தால் தள்ளினான். பிறகு, யாரோ பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்போல, தலையைச் சாய்த்துச் சிரித்து, "வாழ்த்துகள்!" என்றான்.

மச்சாள் கடவுச்சீட்டை எடுக்கவில்லை. அவனைப் பார்த்தா. வகுப்பில் விடை பிழையாகச் சொன்ன பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"எதற்கு?" என்று நோர்ஸ்கில் கேட்டா.

அவன் விழித்தான். "அதாவது... அனுமதிக்கு. கிடைத்திருக்கிறதே."

"நான் என் கணவனோடு இருப்பதற்கா?"

அவன் என்னைப் பார்த்தான், மொழிபெயர்த்துக் காப்பாற்றச் சொல்லி. அவ சொன்னதில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. எல்லாம் அவனுடைய மொழியிலேயே, பிழையில்லாமல் இருந்தது. நான் சுவரிலிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனுடைய சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்தில் கொஞ்ச நேரம் கிடந்து, பிறகு போய்விட்டது. காதுகள் சிவந்த ஒரு சாதாரணப் பெடியனாக அவன் மேசையைப் பார்த்தான்.

மச்சாள் பொறுமையாகக் காத்திருந்தா. பிறகு கடவுச்சீட்டை எடுத்துத் திகதியைச் சரிபார்த்தா.

"வாரும்," என்றா என்னைப் பார்த்து. "அடுத்த வருசமும் இவரிட்டைத்தானே வரவேணும்."